கிரீன்விச் கடல் மியூசியம் போறதுக்கு முன்னாடி: எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

லண்டன்ல இருக்குறதால ஊர்லருந்து யார் வந்தாலும் ஊர் சுத்திக் காட்டுற வேலை எனக்குத்தான் வரும். அதுல நான் திரும்பத் திரும்ப, அலுக்காம கூட்டிட்டுப் போற ஒரே இடம் கிரீன்விச்ல இருக்குற நேஷனல் மரிடைம் மியூசியம். போறதுக்கு முன்னாடியும் போயிட்டு வந்த பிறகும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

இது என்ன மியூசியம்? கப்பல் நிறுத்தி வச்சிருப்பாங்களா?

பிரிட்டன் எப்படிக் கடலை வச்சு வளர்ந்துச்சு, யாரோட சண்டை போட்டுச்சு, எங்கெல்லாம் வியாபாரம்னு போய் நாடு பிடிச்சுச்சு, அதுல யார் யார் என்ன ஆனாங்க, இதுதான் மொத்தக் கதையும். 1934ல சட்டம் போட்டு உருவாக்கி, 1937ல ஆறாம் ஜார்ஜ் ராஜா திறந்து வச்சது. கட்டடம் அதுக்கும் ரொம்பப் பழசு, முன்னாடி அங்க மாலுமிங்களோட பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் இருந்துச்சு.

உள்ள முழுக் கப்பல் கிடையாது. கப்பல் மாடல், பெயிண்டிங், யூனிஃபார்ம், மேப், கருவிகள்னு இருக்கும். முழுக் கப்பல்ல ஏறிப் பாக்கணும்னா பக்கத்துலயே ஆத்தங்கரையில கட்டி சார்க் நிக்குது, அதைப் பத்திக் கீழ சொல்றேன்.

ஒரு விஷயம் முதல்லயே தெளிவா வச்சுக்கங்க, இங்க பலரும் குழம்புறாங்க. ஒரே நிர்வாகத்துக்குக் கீழ நாலு இடம் இருக்கு: இந்த மியூசியம், அதை ஒட்டி குயின்ஸ் ஹவுஸ், மேட்டு மேல ராயல் அப்சர்வேட்டரிங்கிற வானாய்வுக்கூடம், ஆத்தங்கரையில கட்டி சார்க். பெயிண்டட் ஹால் இருக்குற பழைய நேவல் காலேஜ் இதுல சேராது, அது வேற அமைப்பு, வேற டிக்கெட்.

டிக்கெட் எவ்வளவு?

மியூசியமும் குயின்ஸ் ஹவுஸும் ஃப்ரீ. ஸ்பெஷல் எக்ஸிபிஷன் ஏதாவது நடந்தா அதுக்கு மட்டும் காசு. அப்சர்வேட்டரிக்கும் கட்டி சார்க்குக்கும் டிக்கெட் வாங்கணும், ரெண்டுக்கும் சேத்து வாங்கினா கொஞ்சம் குறையும். விலை அப்பப்ப மாறுது, அதனால நான் நம்பர் போடல, கிளம்புறதுக்கு முந்தின நாள் அவங்க வெப்சைட்ல பாத்துடுங்க. பொதுவா காலைல 10 மணிலருந்து சாயங்காலம் 5 வரை திறந்திருக்கும், டிசம்பர் 24, 25, 26 லீவு. கேலரிங்கள்ல வேலை நடக்கும்போது ஒண்ணு ரெண்டு மூடியிருக்கலாம், அதையும் அங்கயே போட்டிருப்பாங்க.

எப்படிப் போறது?

டிஎல்ஆர் ட்ரெயின்ல கட்டி சார்க் ஸ்டேஷன்ல இறங்கினா பொடிநடை. லண்டன் பிரிட்ஜ்லருந்து சாதா ட்ரெயின்ல கிரீன்விச் ஸ்டேஷன் வந்தாலும் நடக்குற தூரம்தான். ஆனா முதல் தடவை வர்றவங்கள நான் வெஸ்ட்மின்ஸ்டர்லருந்து படகுலதான் கூட்டிட்டு வருவேன். கடல் மியூசியத்துக்கு ஆத்து வழியா வர்றது பொருத்தமா இருக்குங்கிறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் தேம்ஸ் நதி வளைஞ்சு திரும்புற இடத்துல திடீர்னு பழைய நேவல் காலேஜோட ரெண்டு கோபுரமும் வெள்ளைக் கட்டடங்களும் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும் பாருங்க, அந்தக் காலத்துல உலகம் சுத்தி வந்த மாலுமிக்கு வீடு வந்துட்டோம்னு சொன்ன காட்சி அதுதான்.

இன்னொரு வழி, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்: எதிர்க்கரையில ஐலண்ட் கார்டன்ஸ்ல இறங்கி, ஆத்துக்கு அடியில போற சுரங்கப்பாதையில நடந்து வரலாம். 1902ல கட்டினது, சுமார் 370 மீட்டர். தலைக்கு மேல தேம்ஸ் ஓடிட்டு இருக்கும்.

ஒரே நாள்ல நாலையும் பாத்துடலாமா?

பாக்கலாம், ஆனா வேணாம். நான் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். அப்பா அம்மா முதல் தடவை வந்தப்ப காலைல கட்டி சார்க், பிறகு மியூசியம், பிறகு மேடு ஏறி அப்சர்வேட்டரின்னு ஓட்டிட்டுப் போனேன், மூணு மணிக்கு மேல அம்மா ஒவ்வொரு ரூம்லயும் பெஞ்சு எங்க இருக்குன்னுதான் பாத்தாங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரெண்டு நாளாப் பிரிச்சுக்கங்க. ஒரு நாள்தான் இருக்குன்னா மியூசியமும் இன்னொண்ணும், அவ்வளவுதான். மியூசியத்துக்கே மூணு மணி நேரம் வைங்க, அந்த மூணு மணி நேரத்துலயும் எல்லா ரூமையும் தொட்டுட்டு வர நினைக்காம நாலஞ்சு பொருள் முன்னாடி நிதானமா நில்லுங்க.

ஒரே ஒரு பொருள்தான் பாக்க முடியும்னா எது?

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனோட கோட்டு. யோசிக்கவே மாட்டேன்.

1805 அக்டோபர் 21, ஸ்பெயின் கரைக்குப் பக்கத்துல டிரஃபால்கர் சண்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் கடற்படை, இன்னொரு பக்கம் பிரெஞ்சும் ஸ்பெயினும் சேந்த படை. விக்டரி கப்பலோட மேல்தளத்துல நெல்சன் நடந்துட்டு இருக்கும்போது, ஒட்டி நின்ன ரெடூட்டபிள்ங்கிற பிரெஞ்சுக் கப்பலோட பாய்மரத்து மேலருந்து ஒருத்தன் சுட்டான். மதியம் ஒண்ணேகால் வாக்குல குண்டு பாஞ்சுச்சு, ஜெயிச்சாச்சுங்கிற சேதியைக் கேட்டுட்டு சாயங்காலம் நாலரைக்கு உயிர் போச்சு. வயசு 47. அன்னைக்கு உடம்புல இருந்த கோட்டுதான் அங்க இருக்கு.

கிட்டப் போய்ப் பாருங்க. கருநீலக் கம்பளித் துணி, நெஞ்சுல நாலு நட்சத்திர விருது தச்சிருக்கும். இடது தோள்ல, தங்க இழை தொங்குற பட்டைக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை. சின்னது. முதல் தடவை நான் அந்த ஓட்டையைத் தேடினேன்னுதான் சொல்லணும், ஏன்னா இவ்வளவு பெரிய சாவுக்கு இவ்வளவு சின்ன ஓட்டையா இருக்கும்னு மனசு எதிர்பார்க்கல. அதுக்கு அப்புறம் வலது கையைப் பாருங்க. 1797ல டெனரீஃப் சண்டையில அவருக்கு வலது கை போயிடுச்சு, அதனால வெறும் கையா தொங்குற அந்தத் துணியை நெஞ்சுப் பட்டன்ல மாட்டிக்கிறதுக்கு ஒரு குட்டிக் கயிறு வளையம் தச்சு வச்சிருக்காங்க. ஓட்டையை விட அந்த வளையம்தான் என்னை உலுக்கிடுச்சு. தினமும் காலைல யாரோ ஒருத்தர் அதை அவருக்கு மாட்டி விட்டிருப்பாங்க இல்ல?

துணியில ரத்தக் கறையும் இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி நெல்சனோடது இல்ல, கொஞ்சம் முன்னாடி அதே தளத்துல செத்துப்போன அவரோட செக்ரட்டரி ஜான் ஸ்காட்டோடதா இருக்கும்னு சொல்றாங்க. இந்தக் கோட்டை 1845ல விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட் 150 பவுண்டு குடுத்து வாங்கி கிரீன்விச் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தார், அங்கருந்துதான் மியூசியத்துக்கு வந்துச்சு.

கோட்டைப் பாத்த சூட்டோட டர்னர் வரைஞ்ச டிரஃபால்கர் பெயிண்டிங்கையும் பாத்துடுங்க. 1824ல முடிச்சது, அவர் வரைஞ்சதுலயே பெருசு இதுதான். ஒரே படத்துல சண்டையோட வேற வேற நேரத்துல நடந்ததையெல்லாம் கலந்து வரைஞ்சுட்டார்னு அப்பவே மாலுமிங்க கோபப்பட்டாங்க, வெற்றியை விட தண்ணிக்குள்ள தத்தளிக்கிற ஆளுங்கதான் அதுல கண்ணுக்கு முன்னாடி இருக்காங்க, அதனாலயே எனக்கு அது பிடிக்கும்.

ஹாரிசன் கடிகாரம்னு சொல்றாங்களே, கடிகாரத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

இது மேட்டு மேல அப்சர்வேட்டரில இருக்குற விஷயம், ஆனா இதைப் புரிஞ்சுக்காம கீழ மியூசியத்தைப் பாத்தா பாதிக் கதைதான்.

நடுக்கடல்ல நிக்கிற கப்பலுக்கு வடக்கு தெற்குல எங்க இருக்கோம்னு சூரியனையும் நட்சத்திரத்தையும் வச்சுச் சொல்லிடலாம். கிழக்கு மேற்குல எங்க இருக்கோம்னு சொல்றதுதான் பெரும்பாடு. பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்ப ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். கப்பல் இருக்குற இடத்துல உச்சிப்பொழுது எப்பன்னு சூரியனைப் பாத்துக் கண்டுபிடிச்சுடலாம், அந்த நேரத்துல கிளம்பின துறைமுகத்துல மணி என்னன்னும் தெரிஞ்சா வித்தியாசத்தை வச்சுத் தூரம் சொல்லிடலாம். ஆனா ஆடுற கப்பல்ல, வெயில்லயும் குளிர்லயும் சரியா ஓடுற கடிகாரம் அப்ப உலகத்துலயே கிடையாது. பூமத்திய ரேகைகிட்ட கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினா 28 கிலோமீட்டர் தப்பும். 1707ல இங்கிலாந்துக்குத் தென்மேற்குல இருக்குற சில்லி தீவுங்ககிட்ட நாலு போர்க்கப்பல் பாறையில மோதி ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க செத்தாங்க, எங்க இருக்கோம்னு தப்பாக் கணக்குப் போட்டதுதான் காரணம். 1714ல பார்லிமென்ட் 20,000 பவுண்டு வரைக்கும் பரிசு அறிவிச்சுது.

பெரிய பெரிய வானியல் அறிஞர்கள் நிலாவை வச்சுக் கணக்குப் போட்டுட்டு இருந்தப்ப, ஜான் ஹாரிசன்னு ஒரு தச்சர் மகன், தானாவே கடிகாரம் செய்யக் கத்துக்கிட்ட ஆளு, 1735ல முதல் கடிகாரத்தைக் கொண்டு வந்தார். பித்தளையில முப்பது கிலோவுக்கு மேல இருக்கும். ரெண்டு கை எதிரெதிரா ஆடும், ஸ்பிரிங் போட்டு ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கும், கப்பல் எந்தப் பக்கம் ஆடினாலும் ஒரு கையோட தப்பை இன்னொரு கை ஈடு கட்டிடும். அது ஆடிட்டு இருக்கும்போது பாத்தா ஏதோ உசுரோட இருக்குற பூச்சி மூச்சு விடுற மாதிரி இருக்கும்.

மூணாவது கடிகாரத்துக்கே 19 வருஷம் உழைச்சார். சூட்டுக்கும் குளிருக்கும் ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்குற ரெண்டு உலோகப் பட்டையை அதுல வச்சார், நம்ம வீட்டு அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட்ல இருக்குறதே அந்த ஐடியாதான். கடைசில நாலாவதா செஞ்சது பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. 1761ல ஜமைக்காவுக்குக் கொண்டு போனாங்க, 81 நாள் பயணத்துல தப்பினது 5 செகண்டு சொச்சம். அப்பவும் பரிசை முழுசாக் குடுக்காம இழுத்தடிச்சாங்க, ராஜா தலையிட்டு 1773ல பார்லிமென்ட் மீதிப் பணத்தைக் குடுக்கும்போது அவருக்கு 80 வயசு, மூணு வருஷத்துல செத்துப் போயிட்டார். அந்த நாலையும் வரிசையாப் பாக்கும்போது ஒரு மனுஷனோட முழு ஆயுசும் அந்தப் பெட்டிங்களுக்குள்ள இருக்குன்னு தோணும். நாலாவதை மட்டும் ஓட விட மாட்டாங்க, எண்ணெய் போட்டு ஓட்டினா தேஞ்சு போயிடும்னு.

மெரிடியன் கோடுல நின்னு போட்டோ எடுக்குறது அவ்வளவு முக்கியமா?

அப்சர்வேட்டரில தரையில போட்டிருக்குற கோடு இது. பிள்ளைங்களுக்கு முக்கியம், எடுத்துக்கங்க. ஒரு கால் கிழக்குல ஒரு கால் மேற்குல. 1884ல வாஷிங்டன்ல கூடிப் பேசி கிழக்கு மேற்கு அளக்குறதுக்கு உலகத்துக்கே பூஜ்யம் இங்கதான்னு முடிவு பண்ணினாங்க. உங்க போன் ஜிபிஎஸ்ல பாத்தா பூஜ்யம் சுமார் 100 மீட்டர் கிழக்கால, பார்க்குக்குள்ள காட்டும், போன் கெட்டுப் போகல, சாட்டிலைட் அளக்குற முறை வேற.

நம்மளுக்கு இதுல ஒரு கூடுதல் சுவாரஸ்யம்: இந்தக் கோட்டுலருந்து நம்ம சென்னை 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, நாலு நிமிஷக் கணக்கைப் போட்டுப் பாருங்க, 5 மணி 21 நிமிஷம் வரும். அதுதான் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம் சொன்ன மெட்ராஸ் டைம். இப்ப இருக்குற அஞ்சரை மணிக் கணக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தியா முழுக்க ரயில் ஓடினது அந்த மெட்ராஸ் நேரத்துலதான்.

மதியம் அப்சர்வேட்டரி மேட்டுல இருந்தீங்கன்னா கட்டட உச்சியில சிவப்புப் பந்து ஒண்ணைக் கவனிங்க. 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும், சரியா 1 மணிக்கு விழும். 1833லருந்து இப்படித்தான். அந்தக் காலத்துல ஆத்துல நின்ன கப்பல்காரங்க அதைப் பாத்துத்தான் அவங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்கிட்டாங்க.

இதுல நம்ம ஊர்க் கதை ஏதாவது இருக்கா, எல்லாம் வெள்ளைக்காரன் பெருமைதானா?

இந்தக் கேள்வியை எங்க மாமா கேட்டார், தூத்துக்குடி ஹார்பர்ல டாலி கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அன்னைக்கு நான் சரியா பதில் சொல்லல, இப்ப சொல்றேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குன்னே ஒரு கேலரி இருக்கு. 1600 டிசம்பர் 31ல எலிசபெத் ராணி லைசென்ஸ் குடுத்த ஒரு வியாபாரக் கூட்டம் எப்படி நாட்டையே ஆள ஆரம்பிச்சுதுங்கிற கதை, மிளகு, துணி, டீ, அபினி எல்லாம் அதுல வருது. துணின்னு எழுதியிருக்குற இடத்துலயெல்லாம் நம்ம நெசவாளரை நினைச்சுக்கங்க. சோழமண்டலக் கரையைத்தான் அவங்க கோரமண்டல்னு எழுதினாங்க, அந்தக் கரையில நெய்த துணிக்காகத்தான் 1639ல மெட்ராஸ்ல இடம் வாங்கிக் கோட்டை கட்டினாங்க. பழைய மேப் எதுல கோரமண்டல்னு பாத்தாலும் நான் நின்னு ஊர்ப் பேரைத் தேடுவேன், இங்கிலீஷ் எழுத்துல நம்ம ஊர்ப் பேரு நசுங்கிப் போய் இருக்கும், வாய்விட்டுப் படிச்சா பிடிபடும்.

அடுத்தது ஆளுங்க. கம்பெனிக் கப்பல்லயும் பின்னாடி வந்த நீராவிக் கப்பல்லயும் வேலை பாத்த ஆசிய மாலுமிங்களை லஸ்கர்னு கூப்பிட்டாங்க. குஜராத், கொங்கண், சிட்டகாங், சில்ஹெட், மலபார்னு பல ஊர்க்காரங்க. நீராவிக் கப்பல்ல அடித்தளத்துல, நெருப்புக்கு முன்னாடி நின்னு கரி அள்ளிப் போட்ட வேலை இவங்களோடது, சம்பளம் வெள்ளைக்கார மாலுமியை விட ரொம்பக் கம்மி. முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்ப பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்கள்ல இப்படி 50,000 பேருக்கு மேல இருந்தாங்க. கிரீன்விச்லருந்து ஆத்தைத் தாண்டினா லைம்ஹவுஸ், அங்கதான் வேலை இல்லாம லண்டன் தெருவுல மாட்டிக்கிட்ட ஆசிய மாலுமிங்களுக்காக 1857ல ஒரு விடுதி திறந்தாங்க. ஒரு கப்பல் மாடலைப் பாக்கும்போது மேல பாய்மரத்தை மட்டும் பாக்காதீங்க, கீழ் வயித்துப் பக்கத்தையும் பாத்து அங்க யார் இருந்திருப்பாங்கன்னு கேளுங்க. மியூசியமும் இப்ப முன்னை விட இதையெல்லாம் கூடுதலாப் பேசுது, இன்னும் பேசணும்ங்கிறது என் எண்ணம்.

வ.உ.சி. 1906ல தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலை வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியா ஓட்டினார்ல, அது எந்த மாதிரி மலையை எதிர்த்து ஓட்டினார்ங்கிறது இந்த மியூசியத்துல நடந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது. ஸ்கூல்ல படிக்கும்போது அது ஒரு மார்க் கேள்வி. இங்க ஹால் ஹாலா அந்தக் கப்பல் சாம்ராஜ்யத்தைப் பாத்துட்டு, ரெண்டே கப்பலோட ஒரு வக்கீல் இதுக்கு எதிரா இறங்கியிருக்காரேன்னு நினைக்கும்போது நெஞ்சு அடைச்சுப் போச்சு.

இங்கிலாந்துல வடக்க போறவங்களுக்கு இன்னொண்ணு: ஹார்ட்டில்பூல்ல திருகோணமலை பேர் வச்ச போர்க்கப்பல், டிரின்கோமலி, இன்னும் தண்ணியில மிதக்குது. 1817ல பம்பாயில வாடியா குடும்பத்துப் பட்டறையில தேக்குல கட்டினது. ஓக் மரத்துல கட்டின எத்தனையோ கப்பல் மக்கிப் போச்சு, இந்தத் தேக்கு நிக்குது.

சரி, உள்ள நிஜக் கப்பலோட துண்டாவது இருக்கா?

இருக்கு, அதுவும் மறக்க முடியாத துண்டு. நடு ஹால்ல இம்ப்ளாக்கபிள்ங்கிற கப்பலோட பின்பக்க முகப்பு, செதுக்கு வேலையோட, சுவர் மாதிரி நிக்கும். மாமா பாத்த உடனே "அமரம்டா இது"ன்னார். தூத்துக்குடி தோணிக்காரங்க கப்பலோட முன்பக்கத்தை அணியம்னும் பின்பக்கத்தை அமரம்னும்தான் சொல்லுவாங்க. அந்த ஹால்ல அந்த வார்த்தையைக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அது முதல்ல பிரெஞ்சுக் கப்பல். டிரஃபால்கர்ல நெல்சனுக்கு எதிரா நின்னு தப்பிச்சுப் போய், ரெண்டு வாரத்துல மாட்டிக்கிட்டு, பேர் மாத்தி பிரிட்டிஷ் கப்பலா நூறு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பராமரிக்கக் காசு இல்லன்னு 1949ல பிரிட்டிஷ் கொடி, பிரெஞ்சுக் கொடி ரெண்டையும் ஏத்தி வெடி வச்சுக் கடல்ல மூழ்கடிச்சாங்க. பின்பக்க முகப்பையும், கப்பல் மூக்குல இருந்த முன்சிலையையும் மட்டும் முன்னாடியே கழட்டி எடுத்து வச்சாங்க. அது மூழ்கினது நிறையப் பேர் மனசை உறுத்துச்சு, பழைய கப்பலைக் காப்பாத்தணும்ங்கிற வேகம் அதுக்கு அப்புறம்தான் கூடுச்சு.

கட்டி சார்க்குக்குக் காசு குடுக்கலாமா?

குடுங்க. 1869 நவம்பர் 22ல ஸ்காட்லாந்துல தண்ணியில இறக்கின டீ கப்பல், சீனாலருந்து புது டீயை யார் முதல்ல லண்டனுக்குக் கொண்டு வர்றாங்கன்னு நடந்த போட்டிக்காகக் கட்டினது. கொடுமை என்னன்னா அஞ்சு நாள் முன்னாடிதான் சூயஸ் கால்வாய் திறந்தாங்க, நீராவிக் கப்பல் குறுக்கு வழியில போயிடுச்சு, பாய்க்கப்பலுக்கு அந்த வழியில காத்து ஒத்து வராது. எட்டே தடவை டீ ஏத்துச்சு. பிறகு ஆஸ்திரேலியாலருந்து கம்பளி கொண்டு வர ஆரம்பிச்ச பிறகுதான் அதோட வேகம் உலகத்துக்குத் தெரிஞ்சுது, சிட்னிலருந்து 73 நாள்ல வந்திருக்கு.

2007ல ரிப்பேர் நடக்கும்போது தீப்பிடிச்சுது. பாய்மரம், பலகைன்னு நிறையப் பாகத்தை அதுக்கு முன்னாடியே கழட்டி வேற இடத்துக்கு அனுப்பியிருந்ததால தப்பிச்சுது, 2012ல திரும்பத் திறந்தாங்க. இப்ப கப்பலை மூணு மீட்டர் தூக்கி நிறுத்தியிருக்காங்க, நீங்க அடியில நடக்கலாம். மேல தங்க நிறத்துல மினுங்குற தகடு போத்தின அடிவயிறு, நிமிந்து பாத்தா கத்தி மாதிரி ஒல்லியா இருக்கும், எதனால அவ்வளவு வேகம்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அங்கயே ஒரு மூலையில பழைய வியாபாரக் கப்பல்களோட முன்சிலைங்களைக் கூட்டமா நிக்க வச்சிருக்காங்க, அதைத் தவற விட்டுடாதீங்க.

அடிமை வியாபாரம் பத்தி இருக்காமே, பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

அட்லாண்டிக் கேலரில இருக்கு. ஆப்பிரிக்காலருந்து சுமார் 1.25 கோடிப் பேரை ஐரோப்பியக் கப்பல்ல ஏத்தினாங்க, அதுல பிரிட்டனுக்குப் பெரும் பங்கு. 1807ல வியாபாரத்தைத் தடை பண்ணினாங்க, 1833ல அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் வந்துச்சு. பத்து வயசுக்கு மேல இருந்தா கூட்டிட்டுப் போங்க, கூடவே நின்னு பேசுங்க. நெல்சன் கோட்டைப் பாத்துட்டு இதைப் பாக்காம வெளிய வர்றது சரியில்லன்னு நினைக்கிறேன், ரெண்டும் ஒரே கடல்ல நடந்ததுதான்.

துருவக் கேலரில என்ன பாக்கணும்?

ஃபிராங்க்ளின்ங்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியோட கடைசிப் பயணத்துப் பொருள்கள். 1845ல எரபஸ், டெரர்னு ரெண்டு கப்பல், 129 பேர், கனடாவுக்கு வடக்கால பனிக்கடல் வழியா பசிபிக் போக வழி தேடிக் கிளம்பி ஒருத்தர்கூடத் திரும்பி வரல. பல வருஷம் கழிச்சு அந்த ஊர் இனுயிட் மக்கள்கிட்ட இருந்த ஸ்பூன், ஃபோர்க்கையெல்லாம் வாங்கிட்டு வந்துதான் கதி என்னன்னே தெரிஞ்சுது. வெள்ளி ஸ்பூன், அதுல அதிகாரியோட குடும்பச் சின்னம். செத்துப்போன கதையை ஒரு சாப்பாட்டு ஸ்பூன் வந்து சொல்லியிருக்கு. கப்பல் எங்க மூழ்குச்சுன்னு இனுயிட் மக்கள் வாய்வழியாச் சொல்லிட்டு வந்தது ரொம்ப உதவியா இருந்து, 2014ல ஒண்ணும் 2016ல ஒண்ணும் கடலடியில கிடைச்சுது.

சின்னப் பிள்ளைங்க, வயசானவங்களோட போனா?

சின்னவங்களுக்குன்னே விளையாட்டுக் கேலரி இருக்கு, வீக்கெண்டுல கூட்டமா இருக்கும், முன்னாடியே நேரம் புக் பண்ணணுமான்னு பாத்துக்கங்க. லிஃப்ட் இருக்கு, வீல்சேர் போகும். கஷ்டம் அப்சர்வேட்டரி மேடுதான், ஏத்தம் செங்குத்தா இருக்கும், முட்டி வலிக்காரங்களைக் கீழயே பார்க் பெஞ்சுல உக்கார வைக்கிறது உத்தமம்.

போட்டோ, சாப்பாடு?

ஃப்ளாஷ் இல்லாம எடுக்கலாம். உள்ள கேஃபே இருக்கு, மழை இல்லன்னா கட்டுச் சோறு கொண்டு வந்து வெளிய பார்க்ல சாப்பிடுங்க. வாசல் பக்கம் ராட்சச பாட்டிலுக்குள்ள ஒரு கப்பல் இருக்கும், யிங்கா ஷோனிபாரே செஞ்சது, விக்டரியோட மாடல், ஆனா பாய் எல்லாம் ஆப்பிரிக்காவுல உடுத்துற கலர் கலர் அச்சுத்துணி. போட்டோவுக்கு அதை விட நல்ல இடம் இல்ல.

குயின்ஸ் ஹவுஸ்ல நேரம் செலவழிக்கலாமா?

அரை மணி நேரம். சுருள் படிக்கட்டு நடுவுல தூணே இல்லாம மேல போகும், அடியில நின்னு நிமிந்து பாருங்க. ஸ்பெயின் கப்பற்படை 1588ல தோத்ததுக்கு வரைஞ்ச எலிசபெத் ராணி ஓவியமும் இங்கதான், கை உலக உருண்டை மேல இருக்கும், அந்த விரல் எங்க வச்சிருக்குன்னு கவனிங்க.

எங்க தாத்தா கப்பல்ல வேலை பாத்தவர், ஏதாவது ரெக்கார்டு கிடைக்குமா?

முயற்சி பண்ணிப் பாருங்க. மியூசியத்துக்குள்ளயே கெயர்டு லைப்ரரி இருக்கு, ஃப்ரீதான், ரீடர் கார்டு போடணும், என்ன வேணும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்ல வேலை பாத்தவங்க பேர்ப் பட்டியல் 1861, 1862, அதுக்கு அப்புறம் 5ல முடியிற வருஷங்களுக்கு (1945 தவிர) இங்க வச்சிருக்காங்க. 1915 பட்டியலை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தி இன்டர்நெட்ல பேர் போட்டுத் தேடுற மாதிரி வச்சிருக்காங்க, அதை வீட்டுலருந்தே பாக்கலாம். பேர், வயசு, பிறந்த ஊர், முந்தின கப்பல் எதுன்னு இருக்கும். ஒண்ணு ஞாபகம் வைங்க, எழுதினது வெள்ளைக்கார கிளார்க், காதுல விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால தாத்தா பேரை நாலஞ்சு விதமா ஸ்பெல்லிங் மாத்திப் போடுங்க, அதுலயும் கிடைக்கலன்னா ஊர்ப் பேரை வச்சுத் தேடுங்க.